நடிகருக்கு விசா வரமுதல் படத்தை முடியுங்கள்: யாழ்ப்பாணத்தில் வெளிநாட்டுப் பயணம் பற்றிக் குறும்படம் எடுப்பவர்களுக்கு

மூன்று நாள் படப்பிடிப்பு, 12 நிமிடப் படம். அதை முடிக்க எங்களுக்கு 14 மாதம் எடுத்தது.

2024 ஓகஸ்ட், படப்பிடிப்பின் இரண்டாம் நாள் பின்னேரம். கிணற்றடிக் காட்சிக்கு லைட் பிடித்துக்கொண்டிருந்தோம். நாயகனாக நடித்த தம்பியின் போனுக்கு மின்னஞ்சல் வந்தது. இங்கிலாந்து மாணவர் விசா சரிவந்துவிட்டது. படத்தில் அவன் லண்டன் போவதா, அம்மாவோடு நிற்பதா என்று தவிக்கிற பெடியன். நிஜத்தில் அவனுக்கு 11 நாளில் பயணம். அடுத்த நாள் கொழும்பு, அதற்கடுத்து உடுப்பு வாங்கல், சொந்தக்காரர் வீடுகள், கோயில்கள். மிச்சமிருந்த ஒரு நாள் படப்பிடிப்புக்கு அவனைப் பிடிக்கவே முடியவில்லை. கோபிக்கவும் மனம் வரவில்லை. அன்றிரவு அவனுடைய அம்மா எங்கள் எல்லோருக்கும் கேசரி கொடுத்து அனுப்பியிருந்தார்.

இந்தக் கதையை எடுக்க நினைக்கிற இளம் ஆட்கள் இப்போது வடக்கில் நிறையப் பேர். எழுதுபவர், நடிப்பவர், கமரா பிடிப்பவர் எல்லோருமே வெளிநாடு போகும் அதே வரிசையில் நிற்பவர்கள்தான். ஆகவே வேறு கதை எடுக்கும்போது வராத சிக்கல்கள் இதில் வரும். நாங்கள் பட்டதை நீங்களும் படத் தேவையில்லை என்றுதான் இதை எழுதுகிறேன். கீழே வரும் செலவுத் தொகைகள் எங்கள் கணக்குப் புத்தகத்தில் உள்ளவை. உங்கள் ஊர் வாடகையை ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

1. கதையை ஓர் ஆவணத்தில் கட்டுங்கள்

எங்கள் முதல் பிரதியில் சூட்கேஸ் இருந்தது, விமான நிலையத்தில் கட்டிப்பிடித்து அழுகை இருந்தது, போத்தலில் அடைத்த ஊர் மண்ணும் இருந்தது. வாசித்துக் காட்டிய இடமெல்லாம் தலையாட்டினார்கள், ஒருவருக்கும் நெஞ்சில் ஒட்டவில்லை. பிறகு ஒரு வீட்டில் கேட்டதை வைத்துத்தான் கதை பிடிபட்டது.

இங்கிலாந்து மாணவர் விசாவுக்கு, கட்ட வேண்டிய கல்விக் கட்டணத்தின் மீதியும் வாழ்க்கைச் செலவுப் பணமும் தொடர்ந்து 28 நாள் வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். இடையில் ஒரு நாள் தொகை குறைந்தாலும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். 28 நாளின் கடைசித் திகதியிலிருந்து 31 நாளுக்குள் விண்ணப்பிக்கவும் வேண்டும். ஊரில் இதைப் ‘பாங்கில காசு காட்டுறது’ என்பார்கள். காணி உறுதியை ஈடு வைத்தோ வட்டிக்கு எடுத்தோ அந்தக் காசைப் போடுகிறார்கள். நாங்கள் போன வீட்டில், மகனின் கணக்கில் ஐம்பது இலட்சம் கிடந்த அதே கிழமையில் தண்ணி மோட்டர் எரிந்துபோயிருந்தது. திருத்த எட்டாயிரம் ரூபாய் கையில் இல்லை. அம்மா 28 நாளும் கிணற்றில் அள்ளித்தான் குளிக்க வார்த்திருக்கிறார். கதை முழுக்க அங்கேயே இருந்தது. போக விருப்பம், போகப் பயம், வீட்டுக்குப் பாரமாகிவிட்டோமே என்ற குற்ற உணர்வு எல்லாவற்றையும் அந்த வாளியும் கயிறுமே சொல்லிவிட்டன. வசனத்தை நாங்கள் பாதியாக வெட்டினோம்.

உங்கள் கதைக்கும் இப்படி ஓர் ஆவணத்தையும் ஒரு கெடுத் திகதியையும் தேடுங்கள். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சைப் பெறுபேறு இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழ் ஆறு மாதத்துக்கு. பொலிஸ் நற்சான்றிதழ், பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பு, கடவுச்சீட்டுப் படம் எடுக்கும் ஸ்டூடியோவில் தங்கச்சியின் தலைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கச் சொல்வது என்று ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு காட்சி கிடக்கிறது.

ஒரு பொறி: விசாச் சட்டங்கள் வருடத்துக்கு வருடம் மாறுகின்றன. திரைக்கதையின் முதல் பக்கத்திலேயே கதை நடக்கும் மாதத்தையும் ஆண்டையும் எழுதுங்கள். முதுநிலைப் படிப்புக்குப் போகும் கணவன் மனைவியையும் கூட்டிப்போவதாக எழுதினால், அது 2024 ஜனவரிக்கு முன் தொடங்கிய படிப்பாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஆராய்ச்சிப் படிப்புக்காரருக்கும் அரசாங்கப் புலமைப்பரிசிலில் போவோருக்கும் தவிர மற்றவர்களுக்கு அது மூடப்பட்டுவிட்டது. முதியோர், நோயாளர் பராமரிப்பு வேலைக்கான ‘கெயார் விசா’வில் இங்கிலாந்து வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பது 2025 ஜூலை 22ஆம் திகதியோடு நின்றது. கடவுச்சீட்டுக்காக வவுனியாவுக்கு விடிய வெளிக்கிடும் காட்சி அழகானதுதான். ஆனால் 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்திலேயே அலுவலகம் திறந்துவிட்டார்கள். இங்குள்ள பார்வையாளர் இதையெல்லாம் நடுவர்களை விட நன்றாக அறிவர். ஒரு பிழை கண்டால் மிச்சப் படத்தை நம்ப மாட்டார்கள்.

2. கதை சொன்னவரை வெளிச்சத்தில் நிறுத்தாதீர்கள்

இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். உங்களுக்குக் கதை சொன்னவரின் விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில் இருக்கலாம். அவருடைய தம்பி வேறு நாட்டில் அகதிக் கோரிக்கை கொடுத்துவிட்டுக் காத்திருக்கலாம். தற்காலிக விசா கேட்பவர் காலம் முடியத் திரும்பி வருவார் என்று அதிகாரி நம்பினால்தான் அப்படியான பல விசாக்கள் கிடைக்கும். அப்படிப்பட்டவர் தன் முகத்தோடும் பெயரோடும் ஒரு படத்தில் “நான் இனித் திரும்பி வரமாட்டன்” என்று சொன்னால் அதன் விலையை அவர்தான் கொடுப்பார், நீங்களல்ல.

ஆகவே பெயர், ஊர், தொழில், குடும்ப எண்ணிக்கை நான்கையும் மாற்றுங்கள். நேர்காணலை ஒலிப்பதிவு செய்ய முதல் கேளுங்கள், எழுதி முடித்ததும் அழித்துவிடுங்கள். முகவர் மூலம் போனவர் சொன்ன பாதை விபரங்களைப் படத்தில் வைக்காதீர்கள். படத்தின் முடிவில் ‘நன்றி’ என்று அவர்களுடைய உண்மைப் பெயரைப் போடும் ஆசையையும் விட்டுவிடுங்கள். எங்களோடு கதைத்த ஒரு அம்மா, “பேர் போடாட்டிலும் பரவாயில்லைத் தம்பி, அந்த வாளியை மட்டும் மறக்காமல் காட்டுங்கோ” என்றார்.

பிரதி முடிந்ததும் கதை சொன்னவருக்கு ஒருமுறை முழுதாக வாசித்துக் காட்டுங்கள். இரண்டு மணித்தியாலம் போதும். எதையாவது எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள்.

3. எல்லோரும் போகக்கூடியவர்கள் என்று வைத்துத் திட்டமிடுங்கள்

எங்களுக்குப் பத்து மாதத்தைத் தின்றது இதுதான். நடிகரைத் தேர்ந்தபோது “எங்காவது அப்ளை பண்ணியிருக்கிறியா?” என்று கேட்டோம். “இல்லை அண்ணை” என்றான். பொய் சொல்லும் பிள்ளை இல்லை. வீட்டில் சொல்ல வேண்டாம் என்றிருக்கிறார்கள். நாவூறு படும், பயணம் தடைப்படும் என்று விமானம் ஏறும்வரை சொல்லாத வீடுகள்தான் இங்கே அதிகம். ஆகவே அந்தக் கேள்வியைக் கேட்பதில் பயனில்லை. ஒவ்வொருவரையும் தனியே கூப்பிட்டு, “வாற ஆறு மாதத்தில் எந்தெந்தத் திகதிகளில் கட்டாயம் ஊரில் நிற்பாய்?” என்று கேளுங்கள். விபரம் சொல்லாமலே பதில் சொல்ல அவர்களுக்கு அது வழி விடும்.

மாதத்தைப் பாருங்கள். இங்கிலாந்துக் கல்லூரிகளுக்கு செப்டெம்பரும் ஜனவரியும் பெரிய சேர்க்கைக் காலங்கள். இங்கிலாந்துக்கு வெளியிலிருந்து போட்ட மாணவர் விசாவுக்குப் பொதுவாக மூன்று கிழமையில் முடிவு வரும். ஆக ஜூலை, ஓகஸ்ட், பிறகு நவம்பர், டிசெம்பர் எல்லாம் ஆட்கள் கழலும் மாதங்கள். நாங்கள் ஓகஸ்டில் வைத்தது எங்கள் பிழை. பெப்ரவரி தொடக்கம் மே வரை வைத்திருந்தால் மழையும் குறைவு, பயணங்களும் குறைவு. ஓகஸ்டில் இன்னொன்றும் இருக்கிறது: நல்லூர்த் திருவிழா 25 நாள். நாங்கள் பேசி வைத்திருந்த வீட்டுக்கு ஜேர்மனியிலிருந்து சொந்தக்காரர் வந்து இறங்கிவிட்டார்கள். வீட்டுக்காரர் கெஞ்சலாகச் சொல்லிப் பின்வாங்கினார். வான்களுக்கும் அந்த மாதம் வாடகை ஏறும்.

படமெடுக்கும் ஒழுங்கு இப்படி இருக்கட்டும்:

முதல் நாளே நாயகன் அல்லது நாயகியின் அண்மைக் காட்சிகள் எல்லாவற்றையும் எடுத்து முடியுங்கள். எந்தக் காட்சிக்குரியது என்று பார்க்க வேண்டாம். முகம் உங்கள் கையில் இருந்தால், முதுகையும் கையையும் இன்னொருவரை வைத்து எடுக்கலாம். நாங்கள் கடைசியில் கிணற்றடிக் காட்சியை அவனுடைய சித்தப்பா மகனை வைத்துப் பின்னாலிருந்து எடுத்தோம். தோள் ஒரே மாதிரி இருந்தது. உடுப்பு மட்டும் எங்களிடமே இருந்ததால் தப்பினோம். நடிகரின் உடுப்பை ஒருபோதும் அவர் வீட்டுக்குக் கொடுத்து விடாதீர்கள்.

அன்றன்று படப்பிடிப்பு முடிந்ததும், நடிகரை ஓர் அறையில் இருத்தி அன்றைய வசனம் முழுவதையும் கமரா இல்லாமல் ஒலியாக மட்டும் மூன்று தரம் பதியுங்கள். அரை மணித்தியாலம்தான் செலவு. பின்னர் டப்பிங்குக்கு ஆள் இல்லாதபோது இது தங்கம்.

சம்மதப் பத்திரத்தில் முதல் நாள் காலைத் தேத்தண்ணிக்கு முன் கையெழுத்து வாங்குங்கள். அரைப் பக்கம் போதும்: முழுப் பெயர், அடையாள அட்டை இலக்கம், எந்தப் படம், தன் உருவத்தையும் குரலையும் விழாக்களிலும் இணையத்திலும் பயன்படுத்தலாம் என்ற ஒப்புதல், கொடுக்கப்பட்ட தொகை, திகதி. 18 வயதுக்குக் குறைந்தவருக்குப் பெற்றோரின் கையெழுத்து. ‘படம் முடியட்டும் வாங்குவம்’ என்று விட்டால், பிறகு அந்தக் கையெழுத்தைத் தேடி நீங்கள் லண்டனுக்குத்தான் எழுத வேண்டும்.

கமராமானும் எடிட்டரும்கூடப் பயணம் போவார்கள். ஒவ்வொரு நாள் இரவும் முழுக் கோப்புகளையும் மூன்று இடத்தில் பதியுங்கள், அதில் ஒன்று இயக்குநரின் வீட்டில் இருக்க வேண்டும். எடிட் தொடங்கிய பிறகு கிழமைக்கு ஒருதரம் எடிட் கோப்பின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். சந்தேகப்படுகிறார்கள் என்று யாரும் நினைக்க மாட்டார்கள்; எல்லோருக்கும் நிலைமை தெரியும்.

4. அனுமதிகளும் கடிதங்களும்

ஒரு பக்கக் கடிதம் ஒன்றை முதலில் செய்துகொள்ளுங்கள். படத்தின் பெயர், ஐந்து வரியில் கதை, எந்தத் திகதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி, எந்த ஒழுங்கை, எத்தனை பேர், வாகன இலக்கங்கள், கொண்டுவரும் கருவிகள், பொறுப்பாளரின் அடையாள அட்டை இலக்கமும் தொலைபேசியும். தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று. சிங்களப் பிரதி இல்லாவிட்டால் பொலிஸ் நிலையத்தில் யாராவது மொழிபெயர்த்துச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும்.

கிராம அலுவலரிடம் முதலில் போங்கள். அவருடைய குறிப்போடு பிரதேச செயலகம், பிறகு பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி. தெரு, சந்தை போன்ற பொது இடமென்றால் மாநகர சபை அல்லது பிரதேச சபை. கோயிலென்றால் நிர்வாக சபை. பள்ளிக்கூடத்துக்கு அதிபர் ‘ஓம்’ என்றால் போதாது, வலயக் கல்வி அலுவலகத்துக்கும் கடிதம் போக வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் உங்கள் பிரதியில் ‘கிடைத்தது’ என்று முத்திரை குத்தி வாங்குங்கள். எங்கள் கடிதம் ஓர் அலுவலகத்தில் மூன்று கிழமை கிடந்தது. காரணம் கேட்டால் நாங்கள் நேரத்தை எழுதவில்லை. இதற்கெல்லாம் குறைந்தது ஐந்து கிழமை ஒதுக்குங்கள்.

முகாம், சோதனைச் சாவடி, துறைமுகம் இருக்கும் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள், பின்னணியிலும் விழ விடாதீர்கள். ட்ரோன் வேண்டுமென்றால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதியும் பாதுகாப்பு அமைச்சின் அனுமதியும் வேண்டும். முதல் படத்துக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. இந்தக் கதை மேலேயிருந்து பார்த்தால் தெரியாது.

கட்டுநாயக்க விமான நிலையக் காட்சியை வெட்டிவிடுங்கள். அனுமதிக்கு அலைந்து வீணாவதை விட, யாழ்ப்பாணத்துக்கே உரிய ஒன்று இருக்கிறது: இரவு வான். சாமானும் சொந்தமுமாக ஏறி, ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்தி, தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கிக்கொண்டு போகிற அந்தப் பயணம். பிரிவு அங்கேதான் நடக்கிறது. கச்சானை உடைத்து உடைத்து மகனின் கையில் கொடுத்துக்கொண்டே ஒன்றும் கதைக்காத தகப்பனை நீங்கள் எத்தனை வானில் பார்த்திருப்பீர்கள். கோயில் நிர்வாகத்திடம் கேட்டு, இரவு 10 மணிக்குப் பிறகு, கையில் பிடித்த கமராவோடு எடுத்தோம்.

5. செலவு

ஒன்றரை இலட்சத்தில் முடிக்கலாம் என்று இறங்கினோம். முடிந்தது 267,500 ரூபாயில்.

கமராவும் இரண்டு லென்சும் நாளுக்கு 12,000, மூன்று நாளுக்கு 36,000. ஒலிப்பதிவுக் கருவிகள் 18,000. லைட் 15,000. ஒன்பது பேருக்கு மூன்று நாள் சாப்பாடும் தேத்தண்ணியும் 40,500. வானும் எரிபொருளும் 24,000. நடிகர்களுக்குக் கைச்செலவாக 30,000. இதுவரை எதிர்பார்த்ததுதான். திட்டத்தில் இல்லாதவை மூன்று. இரண்டு ஹார்ட் டிஸ்க் 44,000. ஒன்று போதும் என்று நினைத்திருந்தோம். ஒலிக் கலவை 35,000. அதை எடிட்டரே செய்வார் என்று நினைத்திருந்தோம். விழாக் கட்டணங்கள் 25,000. அப்படியொன்று இருப்பதே தெரியாது. உங்கள் திட்டத்தில் இவற்றை முதல் நாளே எழுதிவிட்டு, மேலதிகமாகப் பத்து வீதம் வையுங்கள்.

வெளிநாட்டிலிருக்கும் உறவுகள் காசு தர முன்வருவார்கள். எங்களுக்கும் தந்தார்கள், நன்றியோடு இருக்கிறோம். ஆனால் தொகையையும் அது அன்பளிப்பா, திருப்பிக் கொடுக்க வேண்டியதா என்பதையும் வட்ஸ்அப்பிலாவது எழுதி வையுங்கள். கதையின் முடிவில் கை வைக்க மாட்டார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். “கடைசியில் பெடியன் ஊரிலயே நிற்கிற மாதிரி முடியுங்கோ” என்று எங்களுக்கு ஒரு அழைப்பு வந்தது. சொன்னவர் முப்பது வருடமாகக் கனடாவில் இருப்பவர். அவருடைய ஏக்கம் எனக்குப் புரிந்தது. முடிவை மாற்றவில்லை.

6. படப்பிடிப்பு நாட்களில்

இங்கே மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். கமராவைச் செக்கனுக்கு 25 பிரேமிலும் ஷட்டரை 1/50இலும் வையுங்கள். இல்லாவிட்டால் டியூப் லைட் உள்ள ஒவ்வொரு அறையிலும் படம் துடிக்கும். போனில் எடுப்பவர்கள் இதைக் கையால் மாற்ற வசதியான செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒலியில்தான் முதல் படங்கள் விழுகின்றன. இடம் பார்க்கப் போகும்போது கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிடம் நில்லுங்கள். பனையோலைச் சரசரப்பு, காகம், தகரக் கூரை, கோயில் லவுட்ஸ்பீக்கர். பக்கத்துக் கோயில்களில் எங்கே எப்போது கொடியேறுகிறது என்று கேட்டு வையுங்கள். லவுட்ஸ்பீக்கரில் போகும் சினிமாப் பாட்டு உங்கள் வசனத்துக்குப் பின்னால் பதிந்துவிட்டால் அது ஒலிச் சிக்கலோடு நிற்காது, உரிமைச் சிக்கலும் ஆகிவிடும். ஒவ்வோர் இடத்திலும் எல்லோரும் வாய் மூடி நிற்க, அந்த இடத்தின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள்.

நாங்கள் தேடாமலே கிடைத்த ஒலி ஒன்று உண்டு. படப்பிடிப்பு வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் தினமும் காலை ஆறே முக்காலுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் ஆகும், ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடும், நிற்கும். எங்கள் பதிவைக் கெடுக்கிறதே என்று கேட்கப் போனோம். மகன் பிரான்சுக்குப் போய் இரண்டு வருடமாம். பற்றரி இறங்காமல் இருக்க ஐயா அதைத் தினமும் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறார். அவருக்கு ஓட்டத் தெரியாது. அடுத்த நாள் அவரிடம் அனுமதி கேட்டு அந்தச் சத்தத்தை வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து பதிந்தோம். படத்தின் முதல் 20 செக்கன் அதுதான், திரை கறுப்பாகவே இருக்கும்.

7. இசை

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஒரு படைப்பின் உரிமை, படைத்தவர் இறந்து 70 ஆண்டுவரை இருக்கும். பின்னணியில் வானொலியில் பத்துச் செக்கன் போனாலும் பழைய சினிமாப் பாட்டுக்கு அனுமதி வேண்டும். பாட்டை ஆக்கியவர் உரிமை ஒன்று, பதிவு செய்த நிறுவனத்தின் உரிமை இன்னொன்று. விழாப் படிவத்தில் ‘எல்லா உரிமையும் என்னிடம் இருக்கிறது’ என்ற கட்டத்தில் நீங்கள்தான் கையெழுத்திடுகிறீர்கள்.

தேவாரம் பழையது, யாரும் பாடலாம். ஆனால் யூடியூப்பில் இருக்கும் ஓதுவாரின் பதிவை எடுக்க முடியாது. ஊரில் பாடத் தெரிந்த ஒருவரை வைத்துப் புதிதாகப் பாடுவித்துச் சம்மதப் பத்திரம் வாங்குங்கள். நாங்கள் ஒரு ஆச்சியைக் கேட்டோம். ஒரே தரத்தில் பாடி முடித்தார்.

8. எடிட், குரல், சப்டைட்டில்

டாவின்சி ரிசோல்வ் என்ற எடிட் மென்பொருளின் இலவசப் பதிப்பு இந்த அளவு படத்துக்குப் போதும். எடிட்டுக்கு ஆறு கிழமை, ஒலிக்கு மூன்று கிழமை என்று வையுங்கள்.

போனவரிடம் குரல் வாங்க வேண்டி வந்தால்: வட்ஸ்அப் குரல் செய்தியாக வாங்காதீர்கள், அது ஒலியை நசுக்கிவிடும். போனில் ஒலிப்பதிவுச் செயலி ஒன்றைப் போடச் சொல்லி, 48 கிலோஹேர்ட்ஸ் வேவ் கோப்பாகப் பதிந்து கூகுள் டிரைவில் ஏற்றச் சொல்லுங்கள். உடுப்பு அலுமாரியைத் திறந்து அதற்குள் முகம் வைத்துப் பேசினால் அறை எதிரொலிக்காது. எங்கள் தம்பி களஞ்சியசாலையில் இரவு வேலை முடித்து வந்து, அறை நண்பர்கள் தூங்கும்போது, தலையில் போர்வையைப் போட்டுக்கொண்டு பேசி அனுப்பினான். “அம்மா, நான் போகேல்லை” என்ற வசனத்தை ஏழு தரம் அனுப்பியிருந்தான். ஏழிலும் குரல் உடைந்திருந்தது. அந்த வசனத்துக்கு ஊரில் பதிந்த பழைய குரலையே வைத்தோம்.

சப்டைட்டிலைப் பழைய பாமினி எழுத்துருவில் அடிக்காதீர்கள். எஸ்ஆர்டி என்ற சப்டைட்டில் கோப்பில் அது ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். யூனிகோட்டில் அடித்து யூடிஎப்-8 ஆகச் சேமியுங்கள். பிரீமியர் எடிட் மென்பொருளில் தமிழ்த் தலைப்புகளின் கொம்பும் காலும் இடம் மாறி நின்றால், அமைப்புகளில் எழுத்து முறையைத் தெற்காசிய, மத்திய கிழக்கு மொழிகளுக்கு உரியதாக மாற்றினால் சரியாகும். ஒரு வரிக்கு ஏறக்குறைய 40 எழுத்து, இரண்டு வரிக்கு மேல் வேண்டாம்.

ஆங்கிலத்தோடு நிற்காமல் சிங்களச் சப்டைட்டிலும் செய்யுங்கள். 2022இல் பத்தரமுல்லைக் கடவுச்சீட்டு வரிசையில் இரவிரவாகப் படுத்திருந்த பிள்ளைகளில் பெரும்பாலானோர் சிங்களப் பிள்ளைகள். இந்தக் கதை அவர்களுடையதும்தான். எங்கள் படத்தைப் பார்த்துவிட்டுக் குருநாகலில் இருந்து ஒரு பெண் எழுதிய கடிதம்தான் எனக்குக் கிடைத்ததிலேயே பெரியது.

9. விழாக்களுக்கு அனுப்புதல்

படம் முடிந்ததும் யூடியூப்பில் போடாதீர்கள். இணையத்தில் வெளியான படத்தைப் பல விழாக்கள் எடுப்பதில்லை. கடவுச்சொல் போட்ட விமியோ இணைப்பு ஒன்று வைத்திருங்கள். படத்தோடு வைத்திருக்க வேண்டியவை: மூன்று வரிக் கதைச் சுருக்கம், இயக்குநர் குறிப்பு, மூன்று நிழற்படங்கள், வசனப் பட்டியல், சம்மதப் பத்திரங்கள், இசை உரிமைக் கடிதம்.

நீளம் குறையக் குறைய நல்லது. பிரான்சின் கிளேமோன்-ஃபெரோன் போன்ற பெரிய குறும்பட விழா 40 நிமிடம் வரை ஏற்கும். ஆனால் நிகழ்ச்சி ஒழுங்கு செய்பவருக்கு 12 நிமிடப் படத்துக்கு இடம் கண்டுபிடிப்பது இலகு. முதலில் வீட்டு வாசலில் இருப்பதைப் பாருங்கள்: யாழ்ப்பாண சர்வதேச திரைப்பட விழா 2015இலிருந்து நடக்கிறது, குறும்படங்களுக்கும் அங்கே இடமுண்டு. திருவனந்தபுரத்தில் கேரள சர்வதேச ஆவணப்பட, குறும்பட விழா இருக்கிறது. பல விழாக்கள் படம் முடிந்து ஒன்று அல்லது இரண்டு வருடத்துக்குள் வந்திருக்க வேண்டும் என்று கேட்கும். ஆகவே படிவத்தில் நிறைவுத் திகதியாகப் படப்பிடிப்புத் திகதியைப் போட்டுவிடாதீர்கள், இறுதிப் பிரதி வந்த திகதியைப் போடுங்கள்.

விழாக்களுக்குப் படம் அனுப்பும் இணையத்தளமான ஃபிலிம்ஃப்ரீவேயில் கட்டணம் பெரும்பாலும் டொலரில், முந்தி அனுப்பினால் குறைவு, பிந்தப் பிந்த ஏறும். உங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவைத் திறந்து வைக்க வங்கிக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். எங்களுக்கு ஒரு கெடு அதனால் தவறியது. கட்டண விலக்குக் கேட்டு மரியாதையாக ஒரு கடிதம் எழுதுங்கள். பத்துக்கு மூன்று பேர் எங்களுக்குத் தந்தார்கள். மாதாமாதம் நடக்கும், அரங்கே இல்லாத, பணம் கட்டியவர்க்கெல்லாம் விருது இலச்சினை அனுப்பும் ‘விழா’க்களுக்கு ஒரு சதமும் கட்டாதீர்கள். முந்திய வருடம் எந்த அரங்கில், எந்தப் படங்கள் காட்டினார்கள் என்று தேடினாலே தெரிந்துவிடும்.

தேர்வானால் டிசிபி, அதாவது தியேட்டரில் ஓட்டும் டிஜிட்டல் பிரதி, கேட்பார்கள். டிசிபி-ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருளில் செய்யலாம். அனுப்ப முதல் ஒரு தியேட்டரில் போட்டுப் பாருங்கள்.

10. ஊரில் காட்டுதல்

சீட்டு விற்று மண்டபத்தில் காட்டுவதென்றால் தணிக்கைச் சபைச் சான்றிதழ் வேண்டும். அதற்கு இரண்டு மாதம் முன்கூட்டியே தொடங்குங்கள். நடித்தவர்களுக்கும் வீட்டுக்காரருக்கும் கதை தந்தவர்களுக்கும் தனியே காட்டுவதை அதுவரை தள்ளிப்போடாதீர்கள். யாரோ ஒருவர் அதற்குள் போய்விடுவார். நாங்கள் அந்தக் கிணற்றடி வீட்டு முற்றத்தில் வெள்ளை வேட்டியைக் கட்டி, மாலை ஏழு மணிக்குக் காட்டினோம். லண்டனில் அப்போது பின்னேரம் இரண்டரை. தம்பி வீடியோ அழைப்பில் இருந்தான். போனை அவனுடைய அம்மாவின் கையில் கொடுத்து, திரைக்கு நேரே பிடிக்கச் சொன்னோம். பக்கத்து வீட்டு ஐயாவும் வந்திருந்தார். மோட்டார் சைக்கிள் சத்தம் தொடங்கியதும் அவர் எழுந்து தன் வீட்டுப் பக்கம் பார்த்தார், பிறகு இருந்தார்.